இடது காலின் பாரம்

மே மாதம் பதினேழாம் திகதி அம்பிகை பரீட்சையில் தோற்றதற்கு அவருடைய வலது கைதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கையைக் காட்டிக்கொடுத்தது கத்தரீனாவின் கைத்தொலைபேசி.

அம்பிகைக்கு வயது நாற்பத்தாறு. இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கத்தில், எண்பத்தொன்பது வயது மூதாட்டி ஒருவரைப் பராமரிக்கிறார்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார். ஜூடோவில் கறுப்புப் பட்டி கட்டி ஆறு வருடமாகிறது. இந்தப் பரீட்சையில் தேறினால் அந்தப் பட்டியின் அடுத்த படியான இரண்டாம் டான், அதோடு பயிற்றுநர் பத்திரம். பட்டியைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையில்லை. பத்திரம் வேண்டும். அது இல்லாவிட்டால் வியாழக்கிழமை வகுப்பு இல்லை.

பலெர்மோவில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு அந்த வீடுகளிலேயே தங்கியிருக்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பிற்பகலும் ஓய்வு. வியாழன் மூன்றரை மணிக்குப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள தேவாலய மண்டபத்தில் பதினாலு பேர் கூடுவார்கள். யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், தீவுப் பகுதியார். ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை. விழப் பழகுகிறார்கள். நாலாம் மாடியில் யன்னல் துடைப்பவர்கள், ஈரச் சலவைக்கல் படிகளில் வாளியோடு இறங்குபவர்கள், தங்களைவிடப் பாரமான உடம்புகளைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்குபவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான நிரோசினி போன மாரியில் பதினொரு படி வழுக்கி, அடியில் போய் உருண்டு எழும்பினார். முட்டியில் ஒரு கீறல். கழுவிய படியெல்லாம் திரும்பக் கழுவ வேண்டிவந்ததுதான் அவருடைய முறைப்பாடு.

பழக்குவது அம்பிகை என்றாலும், வகுப்பு ஒரு இத்தாலிய மாஸ்டரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் பெப்ரவரியில் பொலோஞ்ஞாவிலுள்ள மகளிடம் குடிபோய்விட்டார். பத்திரம் உள்ள ஒருவரின் பெயர் இல்லாமல் காப்புறுதி கிடையாது; காப்புறுதி இல்லாமல் மண்டபத்தைத் திறக்க முடியாது. பங்குத்தந்தை செப்டெம்பர் முப்பது வரைக்கும் தவணை கொடுத்தார். அதே நேரத்தைக் கேட்டு ஒரு நடன உடற்பயிற்சிக் குழு ஏற்கனவே விண்ணப்பம் போட்டிருந்தது.

அம்பிகை இந்தப் பாதைக்கு வந்ததே ஒரு விழுகையால்தான். சுன்னாகத்தில் பிறந்தவர். இரண்டாயிரத்தொன்றில் பத்மநாதனைக் கட்டிக்கொண்டு பலெர்மோ வந்தார். பத்மநாதன் அப்போதும் இப்போதும் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். பத்து வருடம் கழித்து ஒருநாள், தான் பராமரித்த மூதாட்டியைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அம்பிகை வழுக்கினார். மூதாட்டி அவர்மேல் விழுந்ததால் தப்பினார். அம்பிகையின் காறையெலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலையில்லை. குணமான பின் கிடைத்த முதல் வேலை ஒரு ஜூடோ மண்டபத்தைத் துப்புரவாக்குவது. அங்கே தலை நரைத்த ஒரு பெண்ணை ஒருவர் தூக்கி எறிவதையும், அவர் பாயில் கையால் ஓங்கி அடித்து விழுந்து, தலைமயிரைச் சரிசெய்தபடி எழுவதையும் பார்த்தார். அன்றே துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அங்கே பழக்கிய மாஸ்டரிடம் போனார்.

"எனக்கு அடிபிடி வேண்டாம். விழ மட்டும் பழக்குவீர்களா?"

"முதல் பாடமே அதுதான்" என்றார் மாஸ்டர். அம்பிகை ஆறு மாதம் விழுந்தார். பிறகு மற்றவர்களை விழுத்தினார்.

ஊர்ச் சனம் சும்மா இருக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் இராஜதுரை என்பவர், "கலியாணம் கட்டின பொம்பிளை ஆம்பிளையளோடை நிலத்திலை உருளுறதோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"நான் உருளுறேல்லை அண்ணை, போடுறனான்" என்றார் அம்பிகை. "பாக்கோணுமெண்டா எழும்பி வாங்கோ."

இராஜதுரை எழும்பவில்லை.

பரீட்சைக்கு ஒரு சோடி வேண்டும். நிலத்தில் செய்யும் பதினைந்து பிடிகளை வரிசை மாறாமல் செய்து காட்ட வேண்டும். ஒருவர் பிடிப்பார், மற்றவர் பிடிபடுவார். பிடிபடுபவரும் கறுப்புப் பட்டிக்காரராக இருக்க வேண்டும். அம்பிகையின் சோடி யாக்கோபு. மன்னார்க்காரர், வயது ஐம்பத்தேழு, பொலிதேயாமாவுக்குப் பின்தெருவில் ஒரு பெரிய குடியிருப்பின் வாசல் காவலாளி. பதினொரு வருடமாக இருவரும் சேர்ந்து பழகுகிறார்கள். யாக்கோபுவின் மனைவிதான் கத்தரீனா. அவருக்கு ஜூடோ தெரியாது, ஆனால் எல்லாக் குறையும் தெரியும்.

மே பரீட்சையில் பதினைந்து பிடியும் தடங்கலில்லாமல் முடிந்தன. ஒரு மணி நேரத்தில் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அம்பிகையின் பெயருக்கு நேரே "தகுதியில்லை" என்று இருந்தது. காரணம் எழுதவில்லை. அம்பிகையும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

பேருந்தில்தான் கத்தரீனா தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டாவது பிடி வந்தது. மல்லாந்து கிடப்பவரின் கையைப் பிடித்து இழுத்து, இடது காலை அவருடைய கழுத்துக்குக் குறுக்கே போட்டு, பின்னால் சாய்ந்து முழங்கையை நிமிர்த்தும் பிடி அது. யாக்கோபு விடச்சொல்லிப் பாயில் தட்டினார். அம்பிகை விட்டார். விட்ட கணத்தில் அவருடைய வலது கை யாக்கோபுவின் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"பார், பார்!" என்றார் கத்தரீனா. "கால் பட்டதுக்குத் தொட்டுக் கும்பிடுறாய். பரீட்சை மேசைக்கு முன்னாலை!"

"நானோ? நான் செய்யேல்லை அக்கா."

"அப்ப படத்திலை இருக்கிறது ஆர், உன்ரை தங்கச்சியோ?"

திரும்பப் போட்டார்கள். அம்பிகைதான். புத்தகத்திலோ ஆளிலோ கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது எந்த வயதில் பழகியதென்று அவருக்குத் தெரியாது. கை தன்பாட்டில் போயிருந்தது.

"நானும் கவனிக்கேல்லை" என்றார் யாக்கோபு.

"நீங்கள் எப்பிடிக் கவனிப்பியள்? 'பரவாயில்லைப் பிள்ளை' எண்டு தலையாட்டுறியள். அதுவும் படத்திலை இருக்கு."

பேருந்து பல்லரோவுக்கு வருமுன்னரே அம்பிகை தீர்மானித்துவிட்டார். அடுத்த பரீட்சை செப்டெம்பர் இருபத்தொன்று. அதற்குள் இந்தக் கையை அடக்க வேண்டும்.

ஜூன் மாதம் முழுவதும் கைக்குப் போனது. மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு பழகினார். கை கிளம்பும்போதெல்லாம் கத்தரீனா கதிரையிலிருந்து "கை!" என்று கத்துவார். ஜூலை முதல் வாரத்தில் நாற்பது தடவை செய்தும் கை அசையவில்லை. ஆனாலும் நாற்பத்தோராவது தடவையை நம்ப அம்பிகைக்கு மனம் வரவில்லை. ஒரு வியாழன் காலை, சிஞ்ஞோராவின் மருந்தை வாங்கப் போன வழியில், மே மாதப் பரீட்சகர்களில் ஒருவரின் பயிற்சிக்கூடத்தின் மணியை அழுத்தினார்.

அந்தப் பரீட்சகரின் பெயர் ஹருகா. ஜப்பானியப் பெண், வயது முப்பத்தெட்டு, ஐந்தாம் டான். பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டி இங்கேயே இருக்கிறார். வாயைவிடக் கைகளால் அதிகம் பேசும் பழக்கம் அவருக்கும் தொற்றியிருந்தது.

"கையைத் திருத்திவிட்டேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வந்தேன்" என்றார் அம்பிகை.

"எந்தக் கை?"

அம்பிகை விளக்கினார். ஹருகா தன் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தார். கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டாவது பிடிக்கு நேரே அவர் எழுதியிருந்தது ஒரே வரி: இடது கால் பாரமில்லை.

"செருப்பைக் கழற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு ஹருகா பாயில் மல்லாந்து படுத்தார். "செய்யுங்கள்."

அம்பிகை செய்தார். ஹருகா இடுப்பைத் தூக்கினார், திமிறினார், கையை இழுத்தார். முடியவில்லை. தட்டினார். எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"உங்களுக்கு முடிகிறது. மே மாதம் இந்தக் கால் எங்கே இருந்தது?"

அம்பிகை குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"அவர் என்னைவிட மூத்தவர்" என்றார். "கழுத்தில் கால் வைப்பது..."

"என் நாட்டிலும் மூத்தவர்களை மிதிப்பதில்லை. ஆனால் அவர் எழும்பக்கூடியதாக இருந்தால் அது பிடி இல்லை. அவரும் எழும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எங்களுக்குப் படம் காட்டினீர்கள்."

ஒன்றரை மாதம் தவறான உறுப்புக்குப் போயிருந்தது. மருந்துப் பையோடு அம்பிகை நேரே யாக்கோபுவின் காவல் அறைக்குப் போனார். யாக்கோபு வந்த கடிதங்களை வீடு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. பன்னிரண்டாவதிலை நீங்கள் எழும்பப் பாக்கிறனீங்களோ?"

யாக்கோபு ஒரு கடிதத்தின் விலாசத்தை இரண்டு தரம் வாசித்தார். "பாக்கிற மாதிரிச் செய்யிறனான்."

"ஏன்?"

"பொம்பிளைப் பிள்ளை. தள்ளி விழுத்திப்போட்டு எழும்பிறதோ?"

உள்ளேயிருந்து கத்தரீனாவின் சிரிப்புக் கேட்டது. "பதினொரு வருசம்! அவ காலை வைக்கமாட்டா, இவர் எழும்பமாட்டார். இதுக்கு ஏன் பாய்? கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கலாமே!"

வேறு சோடி தேடலாம் என்று யாக்கோபுவே சொன்னார். அம்பிகை நாலு பேரிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் ஏற்கனவே சோடி சேர்ந்திருந்தார்கள். "நீங்கள்தான் அண்ணை" என்றார் அம்பிகை. "ஆனா இனி உண்மையா எழும்போணும்."

ஓகஸ்ட் மாதம் பலெர்மோ கடற்கரைக்குப் போய்விடும். தேவாலய மண்டபத்துக்குப் பூட்டு. யாக்கோபுவின் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகளில் மூன்றில்தான் ஆட்கள் இருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, சிஞ்ஞோரா தூங்கும் நேரத்தில், அம்பிகை ஓடிவருவார். வாசல் கூடத்தில், மின்தூக்கியின் கதவுக்கு முன்னால், நிலவறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பழைய மெத்தைகளைப் போட்டார்கள்.

முதல் நாள் இருபது தடவை. யாக்கோபு இருபது தடவையும் எழும்பினார்.

"இன்னுமொருக்கா" என்றார் அம்பிகை.

எழும்பினார்.

"காலைப் போடு பிள்ளை. சால்வை மாதிரிக் கிடக்குது."

கோபம் வந்தால் பாரம் வரும் என்று நினைத்து, யாக்கோபு திட்டிப் பார்த்தார். அவருக்குத் திட்ட வராது. கத்தரீனா பொறுப்பெடுத்தார். "இவ மாஸ்டராம்! மாஸ்டரின்ரை காலுக்குக் கீழை இவர் குறட்டை விடுறார்!" அம்பிகைக்குச் சிரிப்பு வந்தது, பாரம் வரவில்லை.

சிக்கல் மரியாதையில் மட்டும் இல்லை என்று இரண்டாம் வாரத்தில்தான் அவருக்குப் பிடிபட்டது. இருபத்துநாலு வருடமாக அவர் வயதானவர்களின் உடம்புகளைத் திருப்பி, கழுவி, துடைத்து வருகிறார். அழுத்தினால் அந்தத் தோல் கன்றிப்போகும். நரைத்த தலை ஒன்று கைக்குள் வந்ததும் அவருடைய உடம்பு முழுதும் தானாக இலேசாகிவிடும். அதற்காகத்தான் வீடுகளில் அவரைக் கேட்டு வாங்குகிறார்கள். யாக்கோபுவின் தலை மூன்று வருடத்துக்கு முன் நரைத்தது. அதற்கு முந்திய படம் ஒன்றைக் கத்தரீனா தேடி எடுத்தார். அதில் அம்பிகையின் கால் ஓரளவு பாரமாகத்தான் இருந்தது.

"அப்ப மை பூசட்டோ?" என்றார் யாக்கோபு.

"தொப்பி போடுங்கோ" என்றார் கத்தரீனா.

அம்பிகை இரண்டையும் மறுத்தார். "பரீட்சையிலை தொப்பி போடேலாது. இந்தத் தலையோடைதான் பழகோணும்."

பழகினார். ஒரு நாளைக்கு முப்பது தடவை, பிறகு நாற்பது. காலைப் போட்டவுடன் குதியால் பாயைத் தேட வேண்டும், முழங்கால் இரண்டையும் இறுக்க வேண்டும், பிறகுதான் சாய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தார். ஒருநாள் இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா யன்னல் பூட்டினோமா என்று பார்க்கக் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தார். கதவைத் திறந்ததும் தங்கள் காவலாளி கழுத்தில் ஒரு பெண்ணின் காலோடு தரையில் கிடப்பதைக் கண்டு கைப்பையை ஓங்கினார்.

"பரீட்சைக்குப் படிக்கிறோம் சிஞ்ஞோரா" என்றார் யாக்கோபு கீழேயிருந்து.

"இந்த வயதிலா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் மின்தூக்கிக்குள் ஏறிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பத்மநாதன் சோற்றைப் போட்டுக்கொண்டே, "தோத்தாத்தான் என்ன? வகுப்பை எங்கடை வீட்டிலை வை" என்றார்.

"பதினாலு பேர் இஞ்சை விழுந்தா கீழ்வீட்டுக்காரன் என்ன செய்வான்?"

"பொலிசைக் கூப்பிடுவான்."

"அப்ப தோக்கேலாது."

ஓகஸ்ட் இருபத்தாறாம் திகதி, அன்றைய பதினேழாவது தடவை, யாக்கோபு எழும்பவில்லை. இடுப்பைத் தூக்கினார். இடது பக்கம் புரளப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு படபடவென்று மெத்தையில் தட்டினார். அம்பிகை விட்டதும் இருமல் வந்தது. அம்பிகை துள்ளி எழுந்தார்.

"அண்ணை! என்ன செய்யுது? அக்கா, தண்ணி!"

"ஒண்டும் செய்யேல்லை" என்றார் யாக்கோபு இருமலுக்கிடையில். "இப்பதான் பிடிச்சனீ. மறக்கமுந்தித் திருப்பிப் போடு."

"ஆள் செத்தாச் சோடிக்கு எங்கை போவாய்?" என்று கேட்டபடியே கத்தரீனா தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவரும் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

அன்று மேலும் ஒன்பது தடவை போட்டார்கள். ஆறு தடவை யாக்கோபு எழும்பவில்லை.

செப்டெம்பர் இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. அதே விளையாட்டு மண்டபம், அதே மேசை. நடுவில் ஹருகா இருந்தார். முதல் பதினொரு பிடிகளும் முடிந்தன. யாக்கோபு மல்லாந்து படுத்துக் கையை நீட்டினார். அம்பிகை பிடித்தார். கால் சுழன்று போய்க் கழுத்தின் குறுக்கே விழுந்தது. குதி பாயைக் கண்டுபிடித்தது. யாக்கோபு திமிறிய திமிறலில் அம்பிகையின் கெண்டைக்காலுக்குக் கீழே கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. கால் அசையவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை. யாக்கோபு தட்டினார்.

விட்டதும் வலது கை கிளம்பியது. இந்த முறை அம்பிகை அதைக் கண்டார். நிறுத்த நேரமும் இருந்தது. நடுவழியில் நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கும் கை இன்னும் பெரிய பிழையாகத் தெரியும் என்று அந்த அரை நொடியில் கணக்குப் போட்டார். போக விட்டார். தோளைத் தொட்டது, கண்ணில் ஒற்றியது, தன் இடத்துக்கு வந்தது. முழங்காலில் நிமிர்ந்திருந்து பதின்மூன்றாவது பிடியைத் தொடங்கினார்.

பன்னிரண்டரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள். கத்தரீனா முன்னால் நின்ற மூன்று இளைஞர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலேயே திரும்பிக் கத்தினார்: "தகுதி எண்டு போட்டிருக்கு! உன்ரை பேர்தான், எழுத்துக் கூட்டிப் பாத்திட்டன்!"

ஹருகா கோப்புகளோடு கடந்து போகையில் ஒரு கணம் நின்றார். "கைக்கு ஒரு சின்னப் பிழை போட்டிருக்கிறேன்" என்றார். "காலுக்கு ஒன்றும் போடவில்லை."

யாக்கோபுவால் இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குடியிருப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் உடம்பையே திருப்பி வணக்கம் சொன்னார். காரணம் கேட்டவர்களுக்கு, "எங்கள் மாஸ்டர்" என்று மட்டும் பதில் சொன்னாராம்.

திங்கட்கிழமை சிஞ்ஞோரா மதியம் கண் அயர்ந்த நேரத்தில் அம்பிகை பத்திரத்தின் பிரதியோடு பங்குத்தந்தையிடம் ஓடினார். தவணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவர் வாசித்து, கையெழுத்துப் போட்டு, மண்டபக் கதவிலிருந்த கால அட்டவணையில் பழைய மாஸ்டரின் பெயரை வெட்டி, மேலே அம்பிகையின் பெயரை எழுதினார். எழுதிய பேனையிலேயே நடனக் குழுவைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்.

வியாழன் பதினைந்து பேர் வந்தார்கள். புதியவர் சறோஜா. வுச்சீரியாப் பக்கம் ஒரு வீட்டில் வேலை தொடங்கி மூன்று கிழமைதான். பாய்க்குக் கிட்ட வந்தவர் நின்றுவிட்டார்.

"அக்கா, தாலிக்கொடியையும் கழட்டோணுமோ?"

"ஓம். காப்பு, தோடு, கொடி, ஒண்டும் பாயிலை வரக்கூடாது. இறுகினா உங்கடை கழுத்துத்தான் வெட்டும். மற்ற ஆளின்ரை கண்ணிலையும் படும்."

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் கழட்டேல்லை."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றார் நிரோசினி பாயிலிருந்து.

"எங்கடை இவரை ஒருக்காக் கேக்கோணும்" என்றார் சறோஜா.

"கேளுங்கோ. கேட்டிட்டு அடுத்த வியாழன் வந்தாலும் சரி. அதுக்கடுத்த வியாழன் வந்தாலும் சரி. வகுப்பு இருக்கும்."

சறோஜா தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்பிகை காத்திருக்கவில்லை. பதினாலு பேரையும் இரண்டு வரிசையில் நிறுத்தி வணக்கம் சொல்ல வைத்துத் தொடங்கினார். வெளியிலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஓமப்பா, பொம்பிளையள் மட்டும்தான். இல்லை, கோயில் மண்டபம்தான், சேச்சுக்கோயில். ஓம், கழட்டித்தான்.

கதவு திறந்தது. சறோஜாவின் இரண்டு கைகளும் பின்கழுத்தில் கொடியின் கொழுவியைத் தேடிக்கொண்டிருந்தன.

"அக்கா, இதைச் சுத்தி வைக்க ஆரிட்டையாவது ஒரு லேஞ்சித்துண்டு இருக்கோ?"